ஃபிர்தௌசியும் கஜினி முகமதுவின் வெள்ளிக்காசும்: நடந்ததா, கட்டுக்கதையா?

மேலத்தெரு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பில் எங்கள் தமிழய்யா ஒரு கதை சொன்னார். பாரசீகக் கவிஞர் ஃபிர்தௌசியிடம் ஒரு பாட்டுக்கு ஒரு பொற்காசு என்று பேசி, கஜினி முகமது ஒரு பெரிய காவியம் எழுதச் சொன்னாராம். கவிஞர் முப்பது வருடம் உட்கார்ந்து 60,000 பாட்டு எழுதிக் கொண்டுபோனார். வந்து சேர்ந்ததோ 60,000 வெள்ளிக்காசு. மனம் நொந்து அதை அங்கேயே ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். வருடங்கள் கழித்து அரசருக்கு மனம் உறுத்தி, ஒட்டகங்களில் பொன் அனுப்பினார். ஒட்டகங்கள் ஊரின் ஒரு வாசலில் நுழைய, இன்னொரு வாசல் வழியாகக் கவிஞரின் பாடை வெளியே போனது. இதைச் சொல்லி முடித்ததும் ஐயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

போன வாரம் இதை என் மகளுக்குச் சொன்னேன். "நிஜமா நடந்ததாப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல் எழுதியது:

அதே கஜினி முகமதுதானா? சோமநாதபுரம், பதினேழு படையெடுப்பு என்று நாம் படித்தவர்?

பழைய ஏடு எழுதியது:

அவரேதான், கரிசல். கஸ்னி நகரத்து சுல்தான் மஹ்மூத். 1030இல் இறந்தார்.

மேலத்தெரு ஐயா, உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஃபிர்தௌசி பிறந்தது 940 வாக்கில், ஈரானின் வடகிழக்கில் குராசான் பகுதியில், தூஸ் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். தெஹ்கான் என்று சொல்லப்படும் நிலக்கிழார் குடும்பம். அரபுப் படையெடுப்புக்கு முந்தைய ஈரானிய அரசர்களின் கதைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தவர்கள் இந்த தெஹ்கான்கள். அவருடைய இளமையில் குராசானை ஆண்டது சாமானி வம்சம். பாரசீக மொழியில் எழுதுகிறவர்களுக்கு அவர்கள் ஆதரவு தந்தார்கள். 957இல் தூஸின் ஆளுநர் அபூ மன்சூர் பழைய கதைகளை எல்லாம் திரட்டி உரைநடையில் ஒரு 'ஷாநாமா' தொகுக்கச் செய்தார். 'அரசர்களின் புத்தகம்' என்று பொருள். அதைச் செய்யுளாக்க முதலில் இறங்கியவர் தக்கீக்கி என்ற இளங்கவிஞர். ஆயிரம் ஈரடிகள் எழுதியிருந்தபோது அவருடைய அடிமையே அவரைக் கொன்றுவிட்டான். விட்ட இடத்திலிருந்து ஃபிர்தௌசி எடுத்துக்கொண்டார், 977 வாக்கில். தக்கீக்கியின் ஆயிரம் ஈரடிகளையும் அவர் பெயரைச் சொல்லியே தன் காவியத்துக்குள் வைத்தார். அந்த வரிகள் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் ஒளிக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 977இல் மஹ்மூத் சுல்தானே ஆகவில்லை. அவர் குராசானைப் பிடித்து, சாமானிகள் வீழ்ந்தது 999இல். ஃபிர்தௌசி தன் முதல் வடிவத்தை 994லேயே முடித்துவிட்டார். ஆகவே "மஹ்மூத் கேட்டார், இவர் எழுதினார்" என்பது தேதிக் கணக்கிலேயே நிற்காது. எழுதி முடித்த காவியத்துக்கு ஆதரவு தேடித்தான் அவர் பிறகு மஹ்மூதிடம் போனார். கடைசி வடிவம் முடிந்தது 1010 மார்ச் 8ஆம் தேதி. ஹிஜ்ரி ஆண்டைச் சொல்லும்போது "ஐந்து எண்பதுகள் கழிந்தபோது" என்கிறார். அதாவது 400.

சரி, காசுக் கதை எங்கிருந்து வந்தது? நிஜாமி அரூஸி என்பவர் 'நான்கு சொற்பொழிவுகள்' என்ற நூலில் எழுதியதுதான் நமக்குக் கிடைக்கும் பழைய வடிவம். அவர் 1116 வாக்கில் தூஸுக்குப் போய்க் கல்லறையைப் பார்த்தவர். ஆனால் நூலை எழுதியது 1155ஐ ஒட்டி. கவிஞர் போய்ச் சேர்ந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த நூலில் பாட்டுக்கு ஒரு காசு என்ற பேச்சே இல்லை. கிடைத்தது 20,000 வெள்ளி திர்ஹம். கவிஞர் நேராகக் குளியல்கூடத்துக்குப் போய்க் குளித்தார், வெளியே வந்து ஃபுக்கா என்ற பார்லி பானம் ஒன்று வாங்கிக் குடித்தார், பணம் முழுவதையும் குளியல்கூடத்து ஆளுக்கும் பானக்காரனுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு அந்த இரவே ஊரைவிட்டுக் கிளம்பினார்.

60,000 என்ற எண் அதே கதையில் பிறகு வருகிறது. இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கோட்டைத் தலைவனுக்கு ஓலை அனுப்பிவிட்டு, என்ன பதில் வரும் என்று மஹ்மூத் யோசிக்கிறார். அருகில் இருந்த அமைச்சர் "பதில் என் விருப்பப்படி வராவிட்டால், நானும் என் கதாயுதமும் போர்க்களமும்" என்று தொடங்கும் ஓர் ஈரடியைச் சொல்கிறார். "யார் எழுதியது? வீரம் கொப்பளிக்கிறதே!" என்று கேட்கிறார் சுல்தான். அப்போதுதான் பழைய கவிஞர் ஞாபகத்துக்கு வருகிறார். 60,000 தினார், அதாவது பொற்காசு, மதிப்புள்ள அவுரிச் சாயத்தை ஒட்டகங்களில் ஏற்றி அனுப்புகிறார். ஒரு வாசல், மறு வாசல் என்பது அப்புறம் நடப்பது. கவிஞருக்கு ஒரு மகள் இருந்தாள், அவள் அந்தப் பரிசைத் தொட மறுத்தாள், அந்தப் பணத்தில் நிஷாபூருக்கும் மெர்வுக்கும் இடையிலான சாலையில் ஒரு சத்திரத்தைப் பழுதுபார்த்தார்கள் என்று கதை முடிகிறது.

தன் நூலில் அறுபதாயிரம் ஈரடி இருப்பதாக ஃபிர்தௌசியே சொல்கிறார். சுவடிகளில் கிடைப்பது சுமார் 50,000. அந்த அறுபதாயிரமும் பரிசுக் கதையின் அறுபதாயிரமும் மக்கள் வாயில் ஒன்றாகி, பாட்டுக்கு ஒரு காசு ஆகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: வாசலும் ஒட்டகமும் நூறு வருடம் கழித்து எழுதப்பட்ட கதை. ஆனால் வருத்தம் நிஜம். காவியத்துக்குள்ளேயே அவர் எழுதியிருக்கிறார்: பொறாமைக்காரன் ஒருவன் கோள் சொன்னான், அரசரிடம் என் பஜார் படுத்துவிட்டது. 'பஜார்' என்றேதான் மூலத்திலும் இருக்கிறது.

கடல்தாண்டி எழுதியது:

நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். எங்கள் கிடங்கில் கணக்குப் பார்க்கும் பெரியவர் ஈரானின் மஷ்ஹத் நகரத்துக்காரர். தூஸ் அவர் ஊரிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். இந்த இழையை அவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு, டிபன் டப்பாவின் மூடியைக் கவிழ்த்து வைத்து இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தார். த-தா-தா, த-தா-தா, த-தா-தா, த-தா. ஷாநாமா முழுக்க இந்தச் சந்தம்தானாம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மாறாது. ஈரானில் உடற்பயிற்சிக் கூடங்களில் பெரிய மேளத்தை வைத்துக்கொண்டு ஒருவர் இதைப் பாட, மற்றவர்கள் அந்தத் தாளத்துக்குக் கர்லாக்கட்டை சுற்றுவார்களாம்.

யாப்பு தெரிந்தவர்கள் இது நம் கணக்கில் என்ன என்று சொல்லுங்களேன்.

பழைய ஏடு எழுதியது:

நம் கணக்கில் நிரை-நேர், புளிமாச் சீர். மூன்று வந்து, கடைசியில் ஒரு நிரை. ஆனால் பாரசீகத்தில் அந்த நிரை எப்போதும் குறிலும் நீண்ட அசையுமாக இருக்க வேண்டும், இரண்டு குறில் சேர்ந்து வர முடியாது. "நிலாவும் நிலாவும் நிலாவும் நிலா" என்று சொல்லிப் பாருங்கள். அப்படியே பொருந்தும். பாரசீகக் கணக்கில் வரிக்குப் பதினோரு அசை. இப்படி இரண்டு வரி சேர்ந்தால் ஓர் ஈரடி, இரண்டுக்கும் முடிவில் இயைபு. இதை ஐம்பதாயிரம் தடவை அலுக்காமல் செய்திருக்கிறார் மனிதர்.

கரிசல் எழுதியது:

நான் எங்கோ படித்தது: "இந்த முப்பது ஆண்டு மிகவும் பாடுபட்டேன், இந்தப் பாரசீகத்தால் ஈரானியருக்கு உயிர் கொடுத்தேன்" என்று அவரே பாடியிருக்கிறார், ஒரு அரபுச் சொல்கூடக் கலக்காமல் எழுதினார் என்று. தனித்தமிழ் இயக்கத்தில் ஈடுபட்டிருந்த என் பெரியப்பா இதை மேடைதோறும் சொல்வார். இதுவும் கட்டுக்கதையா?

பழைய ஏடு எழுதியது:

உங்கள் பெரியப்பா மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். அந்த 'முப்பது ஆண்டு' ஈரடி ஈரானில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அது பிற்காலத்தில் யாரோ சேர்த்தது என்றே பல அறிஞர்கள் கருதுகிறார்கள். மஹ்மூதைத் திட்டி ஃபிர்தௌசி எழுதியதாகச் சொல்லப்படும் வசைப்பாட்டோடு சேர்ந்து வருவது அது. நிஜாமி அரூஸி சொல்வதன்படி அந்த வசை நூறு ஈரடி, தபரிஸ்தான் சிற்றரசர் ஒருவர் அதை நூறாயிரம் திர்ஹம் கொடுத்து வாங்கி அழித்துவிட்டார், எஞ்சியது ஆறே ஈரடி. பிற்காலச் சுவடிகளில் அது நூறையும் தாண்டி வளர்ந்து நிற்கிறது. அழித்தது எப்படி வளரும்?

சுவடி நிலைமை அப்படி. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஏடு 1217இல் எழுதப்பட்டது, இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகர நூலகத்தில் இருக்கிறது. அதுவும் முதல் பாதி மட்டும். கவிஞருக்கும் அந்த ஏட்டுக்கும் நடுவே இரண்டு நூற்றாண்டு. ஜலால் காலெகி முத்லக் என்ற ஈரானிய அறிஞர் ஏடுகளை ஒப்பிட்டு எட்டுத் தொகுதியாகச் செம்பதிப்பு கொண்டுவந்தார். முதல் தொகுதி 1988, கடைசி 2008. இதை நினைத்தாலே எனக்கு உ.வே.சா. ஞாபகம் வரும்.

அரபுச் சொல் விஷயம்: இருக்கின்றன. எண்ணிப் பார்த்தவர்கள் சுமார் 700 என்கிறார்கள். அவ்வளவு பெரிய நூலுக்கு அது மிகக் குறைவுதான். ஆனால் வெறுத்து ஒதுக்கினார் என்று சொல்ல முடியாது. அவர் கையில் இருந்த உரைநடை மூலம் அந்தக் காலத்துப் பாரசீகத்தில் இருந்தது, அவர் பேசியதும் அதுதான். அந்த மொழியில் சொல்லத் தெரிந்ததை அந்த மொழியிலேயே சொன்னார். எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் படுகிறது.

இளவேனில் எழுதியது:

எல்லோரும் காசைப் பற்றியும் ஏட்டைப் பற்றியும் பேசுகிறீர்கள். நான் கதையைப் பற்றிப் பேசலாமா? ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். ருஸ்தம், சொஹ்ராப் கதையைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேறு எதையும் தொட முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மாவீரன் ருஸ்தம் வேட்டைக்குப் போன இடத்தில் அசந்து தூங்கிவிட, அவன் குதிரை ரக்ஷைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதைத் தேடிச் சமங்கான் ஊருக்குப் போகிறான். இரவில் அந்த ஊர் அரசகுமாரி தஹ்மினா அவன் அறைக்கு வருகிறாள். முன்னால் ஒரு பணிப்பெண் வாசனை மெழுகுவத்தி பிடித்து வர, தானே வந்து தன் காதலைச் சொல்கிறாள். விடிந்ததும் ருஸ்தம் தன் கையில் இருந்த மணியைக் கழற்றித் தருகிறான். பெண் பிறந்தால் கூந்தலில் கட்டு, பையன் என்றால் கையில் கட்டு. அதோடு போனவன்தான்.

பையன் சொஹ்ராப் வளர்ந்து, அப்பாவைத் தேடிப் படையோடு வருகிறான். தேடி வந்த இடத்தில் எதிரில் நிற்பவரே அப்பா. பையன் திரும்பத் திரும்பக் கேட்கிறான், "நீ ருஸ்தமா?" அவன் இல்லை என்கிறான். ஏன் இல்லை என்றான்? அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை இரவு கோபப்பட்டேன் தெரியுமா! அப்பாவை அடையாளம் காட்ட என்று தஹ்மினா அனுப்பியிருந்த ஒரே ஆளையும் முந்தின இரவு இருட்டில் ருஸ்தமே, யாரென்று தெரியாமல், ஒரு குத்தில் கொன்றுவிடுகிறான். வழி ஒவ்வொன்றாக அடைபடுகிறது.

முதலில் பையன்தான் அப்பாவைக் கீழே தள்ளுகிறான். "முதல் தடவை விழுந்தவனைக் கொல்வது எங்கள் வழக்கம் இல்லை" என்று அப்பா பொய் சொல்லித் தப்பிக்கிறார். அடுத்த தடவை பையன் விழ, நொடிகூடத் தாமதிக்காமல் கத்தியை இறக்குகிறார். சாகும்போது பையன் சொல்கிறான்: நீ மீனாகித் தண்ணீருக்குள் போனாலும், இரவாகி இருட்டுக்குள் போனாலும், நட்சத்திரமாகி வானத்துக்குப் போனாலும், என் அப்பா உன்னை விடமாட்டார். அப்பாவிடமே சொல்கிறான்.

பிறகுதான் கவசத்தைத் தளர்த்தி அந்த மணியைப் பார்க்கிறார். உயிர் காக்கும் மருந்து அரசன் கைகாவூஸிடம் இருக்கிறது. இருவரும் உயிரோடு இருந்தால் தன் நாற்காலிக்கு ஆபத்து என்று அரசன் தர மறுக்கிறான். தானே கேட்கலாம் என்று ருஸ்தம் கிளம்பிப் போகிற வழியில், பையன் போய்விட்டான் என்று ஆள் ஓடி வருகிறது.

கடல்தாண்டி எழுதியது:

அம்மா, எங்கள் பெரியவர் சொன்னார், "சொஹ்ராப் செத்த பிறகு மருந்து" என்பது அவர்கள் ஊரில் இன்றும் பழமொழியாம். காலம் கடந்து வரும் எந்த உதவிக்கும் அதைத்தான் சொல்வார்கள். தேநீர்க் கடைகளில் நக்கால் எனப்படும் கதைசொல்லிகள் கையில் கோலோடு இந்தக் கதையை நாள் கணக்கில் நடித்துச் சொல்வார்கள். சொஹ்ராப் கொல்லப்படும் நாளில் கூட்டம் நிரம்பி வழியும், பையனை இன்றைக்குக் கொன்றுவிடாதே என்று கதைசொல்லியிடமே பணம் கொடுத்துக் கெஞ்சியவர்கள் உண்டு என்றார். யுனெஸ்கோ 2011இல் அந்தக் கலையை உடனடியாகக் காக்க வேண்டிய பட்டியலில் சேர்த்திருக்கிறது.

பழைய ஏடு எழுதியது:

இளவேனில் அம்மா, நான் சொல்ல நினைத்ததை நீங்கள் தொட்டுவிட்டீர்கள். இந்தக் கதையின் முதல் வரிகளில் ஃபிர்தௌசி ஒரு கேள்வி கேட்கிறார். எங்கோ மூலையிலிருந்து ஒரு காற்று அடித்து, பழுக்காத நார்த்தங்காயை மண்ணில் தள்ளினால், அந்தக் காற்றைக் கொடியது என்பதா, நியாயமானது என்பதா? சாவு நியாயம் என்றால் இவ்வளவு அழுகை எதற்கு?

இதை எழுதியபோது அவர் எந்த வயதில் இருந்தாரோ. பல வருடம் கழித்து அந்தக் காற்று அவர் வீட்டுக்கே வந்தது.

காவியத்தின் பிற்பகுதியில், குஸ்ரோ பர்வேஸ் மன்னன் கதை ஓடிக்கொண்டிருக்கும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கதை நிற்கிறது. "எனக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது" என்று ஆரம்பிக்கிறார். மகன் இறந்துவிட்டான். அவனுக்கு முப்பத்தேழு. "முறை என்னுடையது, போனதோ அவன்" என்கிறார். "கஷ்டத்தில் எனக்குக் கைகொடுத்தவன் நீ. இந்தக் கிழத் துணையைவிட்டு ஏன் தனிவழி போனாய்? என்னை விட்டு இவ்வளவு வேகமாக ஓடினாயே, வழியில் இளம் துணைகள் யாராவது கிடைத்தார்களா?" என்று கேட்கிறார்.

எனக்குத் தொண்டை அடைத்த இடம் அதற்கு அப்புறம் வருவது. "அவன் என்னிடம் எப்போதும் முரட்டுத்தனமாகத்தான் இருந்தான். சட்டென்று கோபித்துக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொண்டான்." இரங்கற்பாவில் யாரும் இப்படி எழுத மாட்டார்கள். இறந்தவனை உத்தமன் என்று சொல்வதுதான் வழக்கம். அப்பாவும் பிள்ளையும் ஒத்துப்போகவில்லை, அப்படியே போய்விட்டான், சமாதானம் செய்துகொள்ள ஆள் இல்லை. அவ்வளவையும் இரண்டு வரியில் ஒளிக்காமல் எழுதிவிட்டு, கொஞ்ச தூரம் போய், மறுபடி குஸ்ரோ கதைக்குத் திரும்பிவிடுகிறார்.

அரசர்களின் புத்தகம் என்று பெயர். எனக்கு அது பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் புத்தகம். ஃபரிதூனிடம் மகன் இராஜின் தலையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், அனுப்பியது அவனுடைய அண்ணன்கள். கைகாவூஸின் மகன் சியாவுஷ் அப்பாவின் சந்தேகத்தால் நாடுவிட்டுப் போய் எதிரியின் மண்ணில் வெட்டப்படுகிறான். அரியணையை விட மனமில்லாத குஷ்தாஸ்ப், சாவான் என்று தெரிந்தே மகன் இஸ்ஃபந்தியாரை ருஸ்தமிடம் அனுப்புகிறான். கடைசியில் ருஸ்தமே சாகும்போது அவனுடைய அப்பா ஸால் உயிரோடு இருக்கிறார். மஹ்மூத் பொன் கொடுத்தாரா வெள்ளி கொடுத்தாரா என்பதைவிட இது எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

மேலத்தெரு எழுதியது:

பழைய ஏடு ஐயா, இதைப் படித்துவிட்டு என் அப்பாவுக்குப் போன் செய்தேன். நாங்களும் அதிகம் பேசிக்கொள்வது இல்லை. மழை பெய்ததா என்று மட்டும் கேட்டேன். பத்து நிமிஷம் பேசினார்.

குதிரைப்பாய்ச்சல் எழுதியது:

நான் சதுரங்கம் ஆடுகிறவன். சதுரங்கம் இந்தியாவிலிருந்து ஈரானுக்குப் போன கதை ஷாநாமாவில் இருக்கிறதாமே? யாராவது சொல்ல முடியுமா?

இளவேனில் எழுதியது:

இருக்கிறது, இரண்டு கதை. முதலாவது எல்லோரும் சொல்வது. ஈரானின் நூஷிர்வான் மன்னனுக்கு இந்திய அரசர் பலகையும் காய்களும் அனுப்பி, ஆடும் முறையை உங்கள் அறிஞர்கள் கண்டுபிடித்தால் நான் கப்பம் கட்டுகிறேன், முடியாவிட்டால் நீங்கள் கட்டுங்கள் என்கிறார். அமைச்சர் புசுர்க்மெஹர் ஒரு பகல் ஓர் இரவு உட்கார்ந்து கண்டுபிடித்துவிடுகிறார். பதிலுக்கு அவர் நர்த் என்ற பகடை ஆட்டத்தை உருவாக்கி இந்தியாவுக்குக் கொண்டுபோகிறார், இங்கே யாராலும் அவிழ்க்க முடியவில்லை.

இரண்டாவது கதைதான் பழைய ஏடு சொன்னதோடு சேர்கிறது. இந்தியாவில் ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள், கவ், தல்ஹந்த். தந்தை வேறு. அரியணைக்காகப் போர். தல்ஹந்த் படை சிதறி, தனியாக, தன் யானை மேலேயே உயிர்விடுகிறான். யாரும் அவனைக் கொல்லவில்லை. தாய் நம்பவில்லை, மூத்தவன்தான் கொன்றான் என்கிறாள். எப்படி நடந்தது என்று காட்டுவதற்காக அறிஞர்கள் ஒரு பலகையில் கட்டம் போட்டு, இரண்டு படையையும் நிறுத்தி, நகர்த்திக் காட்டுகிறார்கள். போக வழியில்லாமல் நடுவில் நிற்கும் அரசன் அவள் மகன். அவள் சாகும்வரை அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்கிறார் ஃபிர்தௌசி.

குதிரைப்பாய்ச்சல் எழுதியது:

'ஷா மாத்' என்று இத்தனை வருடம் சொல்லியிருக்கிறேன். இனி ராஜாவை மடக்கும்போது இது நினைவுக்கு வரும்.

கரிசல் எழுதியது:

கடைசிக் காலத்தில் அவர் வறுமையில் இருந்தாரா? நிலக்கிழார் என்கிறீர்களே.

பழைய ஏடு எழுதியது:

நிலம் இருந்தது. நிலவரித் தொல்லை இல்லாமல் தன்னைக் காத்த தூஸ் அதிகாரி ஒருவரை நன்றியோடு குறிப்பிடுகிறார். ஆனால் முப்பது வருடம் ஒரே காரியத்தில் உட்கார்ந்தால் நிலம் என்ன ஆகும்? ஓரிடத்தில் எழுதுகிறார்: உப்புக்கண்டம் இல்லை, விறகு இல்லை, பார்லி இல்லை, அறுவடை வரை வேறு எதுவும் கண்ணில் படவும் இல்லை. இந்த வருடம் ஆலங்கட்டி மழை சாவு போல வந்தது, ஆலங்கட்டிக்குச் சாவே மேல். மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும் எந்த விவசாயியும் சொல்லக்கூடியதுதான்.

இறந்தது 1020 வாக்கில். மாற்றுக் கொள்கைக்காரர் என்று சொல்லி ஒரு போதகர் பொது இடுகாட்டில் அடக்கம் செய்ய விடவில்லை, ஊர் வாசலுக்குள் இருந்த அவருடைய சொந்தத் தோட்டத்திலேயே புதைத்தார்கள் என்று நிஜாமி அரூஸி எழுதுகிறார். 1934இல் அங்கே பளிங்கு நினைவகம் திறந்தார்கள். கட்டடம் மண்ணில் இறங்கவே, 1960களில் பிரித்து மறுபடி கட்டினார்கள்.

மேலத்தெரு எழுதியது:

மகளுக்கு எந்தக் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம்? பதினொரு வயது. சொஹ்ராப் இப்போது வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இளவேனில் எழுதியது:

பீஷன், மனீஷா கதையில் ஆரம்பியுங்கள். கிணற்றில் அடைக்கப்பட்ட பையன், அவனுக்கு வீடு வீடாக ரொட்டி கேட்டு வாங்கி வந்து துவாரம் வழியாகத் தரும் பெண். ருஸ்தம் வியாபாரி வேஷத்தில் வந்து மீட்கிறான், வறுத்த கோழிக்குள் மோதிரத்தை ஒளித்து அனுப்புவான். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

அதன் தொடக்கத்தை மட்டும் நீங்களே படித்துக் காட்டுங்கள். கரி பூசிய மாதிரி ஓர் இரவு. செவ்வாயும் சனியும் புதனும் கண்ணில் படவில்லை, பறவைச் சத்தம் இல்லை, கவிஞருக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் இருந்த அன்புக்குரியவளைக் கூப்பிட்டு விளக்குக் கேட்கிறார். மனைவியாகத்தான் இருக்க வேண்டும். அவள் விளக்கோடு மதுவும் மாதுளையும் நார்த்தம்பழமும் கொண்டுவருகிறாள், யாழ் வாசிக்கிறாள். "பழைய புத்தகத்திலிருந்து ஒரு கதை படிக்கிறேன், நீ அதைப் பாட்டாக்கு" என்கிறாள். அவர் சம்மதிக்கிறார்.

கடல்தாண்டி எழுதியது:

அந்தத் தொடக்கம் எங்கள் பெரியவருக்கு மனப்பாடம். வருகிற வெள்ளிக்கிழமை என் அறைக்கு வந்து பாடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், போனில் பதிவு செய்து இங்கே போடுகிறேன். டிபன் டப்பா போதாது, ஒரு நல்ல தகரம் பார்த்து வை என்றார். பிஸ்கட் டின் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.